பூஜ்ஜியம் என்று எழுதும் கல்லூரிகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹோவர்ட் கிளெரி, கான்னி கிளெரி தம்பதி 1980களின் நடுவில் தங்கள் மகள் ஜீனுக்குக் கல்லூரி தேடினார்கள். அண்ணன்மார் படித்த டூலேன் பல்கலைக்கழகம்தான் முதலில் மனத்தில் இருந்தது. அந்த ஊரில் ஒரு மாணவி கொலை செய்யப்பட்ட செய்தி காதுக்கு வந்ததும் பெற்றோர் பின்வாங்கினார்கள். வீட்டுக்கு அருகே, மலைச்சரிவில், மரங்கள் சூழ்ந்த லீஹை பல்கலைக்கழகத்தைப் பார்த்தார்கள். அமைதியான வளாகம், நல்ல பெயர். அங்கேயே சேர்த்தார்கள்.

1986 ஏப்ரல் 5 அதிகாலையில், விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஜீன் கிளெரி பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். வயது 19. செய்தவன் அதே பல்கலைக்கழகத்தின் மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய மூன்று கதவுகளைத் தாண்டி அவன் உள்ளே வந்திருந்தான். நண்பர்கள் வந்துபோக வசதியாக யாரோ பீட்சா பெட்டிகளைச் செருகி அந்தக் கதவுகளைத் திறந்தபடி வைத்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் பெற்றோருக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன. மகளைச் சேர்க்கும்போது அந்த எண்ணிக்கையை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் அப்போது இல்லை. பல்கலைக்கழகத்தோடு ஏற்பட்ட சமரசத்தில் கிடைத்த பணத்தைக் கொண்டு அந்தத் தம்பதி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மாநிலம் மாநிலமாக ஏறி இறங்கினார்கள். 1990இல் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட வளாகப் பாதுகாப்புச் சட்டம் அந்த அலைச்சலின் விளைவு. 1998இல் அதற்கு ஜீன் கிளெரியின் பெயரே சூட்டப்பட்டது.

அந்தச் சட்டம் கேட்பது பெரிய விஷயம் இல்லை, கணக்குதான். மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் பங்குபெறும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் அக்டோபர் 1ஆம் தேதிக்குள் கடந்த மூன்று ஆண்டுகளின் குற்றப் புள்ளிவிவரத்தை வெளியிட வேண்டும். வளாகக் காவல் துறை ஒரு தினசரிக் குற்றப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். ஆபத்து தொடரும் என்று தெரிந்தால் மாணவர்களை உடனே எச்சரிக்க வேண்டும். போலீசுக்கு வந்த புகார் மட்டும் கணக்கு ஆகாது. விளையாட்டுப் பயிற்சியாளரிடமோ விடுதிப் பொறுப்பாளரிடமோ மாணவி சொன்னதும் கணக்கில் ஏற வேண்டும். 2013இல் காதல் உறவுக்குள் நடக்கும் வன்முறை, குடும்ப வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல் ஆகியவையும் சேர்க்கப்பட்டன.

கணக்கு வந்தது. ஆனால் என்ன கணக்கு? 2014ஆம் ஆண்டுக்கான அறிக்கைகளை அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் எடுத்து அலசியது. 91 விழுக்காடு வளாகங்கள் பாலியல் வன்புணர்வு என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தன.

இந்தப் பூஜ்ஜியத்தின் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். 2015இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 27 பல்கலைக்கழகங்களில் ஒன்றரை லட்சம் மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்தாய்வு நடத்தியது. கல்லூரியில் சேர்ந்த பிறகு பலவந்தத்தாலோ, மயக்கத்திலோ போதையிலோ இருந்த நிலையைப் பயன்படுத்தியோ தங்கள் மீது பாலியல் அத்துமீறல் நடந்தது என்று இளநிலை மாணவிகளில் 23.1 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2019இல் 33 பல்கலைக்கழகங்களில் மீண்டும் கேட்டபோது அது 25.9 விழுக்காடு. கருத்தாய்வில் பலவந்தமாகத் தொடுவதும் அடங்கும். வன்புணர்வுக் கட்டம் அதைவிடக் குறுகலானது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. கல்லூரிகள் இதைச் சொல்லித்தான் தற்காத்துக்கொள்கின்றன. அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், நாலில் ஒரு பெண்ணின் அனுபவத்துக்கும் பத்தில் ஒன்பது வளாகங்களின் பூஜ்ஜியத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது.

பள்ளம் எப்படி உருவாகிறது? முதல் காரணம் மாணவியின் மௌனம். கல்லூரி மாணவிகள் மீதான வன்புணர்வு, பாலியல் தாக்குதல்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு போலீசுக்குப் போவதே இல்லை என்று அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2014இல் கணித்தது. இரண்டாவது, எல்லைக்கோடு. வளாகம், கல்லூரிக்குச் சொந்தமான கட்டடங்கள், ஒட்டியிருக்கும் பொதுச் சாலை ஆகிய இடங்களில் நடந்தவை மட்டுமே கணக்கில் வரும். நான்கு மாணவர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் நடந்தது வராது. மூன்றாவது காரணம் மிகச் சங்கடமானது: எண்ணும் வேலை எந்த நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதோ, அதே நிறுவனத்துக்குத்தான் அந்த எண் சிறியதாக இருப்பதில் லாபம்.

இதைச் சந்தேகமாக விடாமல் அளந்து காட்டியவர் சட்டப் பேராசிரியர் கோரி ரேபர்ன் யங். 2001 முதல் 2012 வரையிலான அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, மத்திய கல்வித் துறை தணிக்கைக்கு வந்த காலத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் என்ன எழுதின, வராத காலத்தில் என்ன எழுதின என்று ஒப்பிட்டார். தணிக்கை நடக்கும்போது பாலியல் தாக்குதல் எண்ணிக்கை சுமார் 44 விழுக்காடு கூடியது. தணிக்கை முடிந்ததும் பழைய இடத்துக்கே இறங்கியது. தணிக்கையாளர் வரும் ஆண்டில் மட்டும் வளாகத்தில் குற்றம் கூடிவிடாது. பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷன் வரும் நாளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றும் இல்லை.

லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் கதையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. விர்ஜீனியாவில் உள்ள பெரிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் அது. மது அருந்துவதையும் திருமணத்துக்கு முந்தைய உடலுறவையும் தடுக்கும் ஒழுக்க விதிகள் அங்கே உண்டு. விருந்தில் மது குடித்த ஒரு மாணவி, அங்கே தனக்கு நேர்ந்த வன்கொடுமையைச் சொல்ல வேண்டுமானால், தான் விதியை மீறியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகார் கொடுக்க வந்தவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். அப்படித் தண்டிக்கப்படுவோம் என்ற பயத்திலேயே பலர் வாய் திறக்கவில்லை என்பதை மத்தியக் கல்வித் துறையின் விசாரணை பதிவுசெய்தது. 2024 மார்ச்சில் லிபர்ட்டிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 1.4 கோடி டாலர். கிளெரி சட்டத்தின் வரலாற்றில் அவ்வளவு பெரிய தொகை அதற்கு முன் விதிக்கப்பட்டதில்லை.

அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். 2019இல் 45 லட்சம் டாலர். லாரி நாசர் என்ற விளையாட்டு மருத்துவர் சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் சிறுமிகளையும் இளம்பெண்களையும் சிதைத்த இடம் அது. 1997இலேயே அங்கிருந்த ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் சொன்னதாகப் பின்னாளில் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2014இல் முறைப்படி ஒரு புகாரும் வந்தது, பல்கலைக்கழகம் விசாரித்தது. நாசர் செய்தது மருத்துவ முறைதானா என்று கேட்க நிபுணர்களையும் அழைத்தது. அந்த நிபுணர்கள் எல்லாருமே அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். தவறு இல்லை என்று கோப்பு மூடப்பட்டது, நாசர் மறுபடி வேலைக்கு வந்தார். 2016இல் ஒரு நாளிதழ் வெளிக்கொண்டுவரும் வரை அது தொடர்ந்தது. 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பாதிக்கப்பட்ட 332 பேருக்குப் பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த 2014 விசாரணையில் வளாகத்துக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு மருத்துவரை அழைத்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்ற கேள்வியை இந்த வழக்கைப் படிக்கும் யாராலும் தவிர்க்க முடியாது.

விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதில் அமெரிக்கா இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஒபாமா அரசு 2011இல் கல்லூரிகளுக்குக் கடுமையான அறிவுறுத்தல் அனுப்பியது. டிரம்ப் அரசு 2017இல் அதைத் திரும்பப் பெற்று, 2020இல் நேரடிக் குறுக்கு விசாரணையைக் கட்டாயமாக்கியது. பைடன் அரசு 2024இல் விதிகளை மாற்றியது. 2025 ஜனவரியில் கென்டக்கி மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நான்கு ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் விதி இரண்டு முறை மாறுகிறது. ஆனால் கணக்கை வெளியிட வேண்டும் என்ற கடமை மட்டும் 1990 முதல் எந்த ஆட்சியிலும் நீக்கப்படவில்லை.

இந்தியாவுக்கு வந்தால், கணக்கு என்ற சொல்லே சற்று அந்நியமாக ஒலிக்கிறது. நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. அது 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஆனது. பேச்சுவழக்கில் போஷ் சட்டம். மாணவிகளையும் தெளிவாக உள்ளடக்கிய பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறை விதிகள் 2016 மே மாதம் அறிவிக்கையாயின.

அந்த விதிகளைப் படிப்பவர்களுக்கு வியப்பே மிஞ்சும், அவ்வளவு கவனமாக எழுதப்பட்டவை. உள்ளகப் புகார் குழுவுக்கு மூத்த பெண் ஆசிரியர் தலைமை தாங்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் அமர வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற அதிகாரப் பதவியில் இருப்பவர்கள் குழுவில் இருக்கக் கூடாது. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதியில் ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் போடக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் எத்தனை விடுதிக் காப்பாளர்களுக்கு இந்தக் கடைசி வரி தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

2013 சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளில்தான் நம் நாட்டுக் கணக்கு ஒளிந்திருக்கிறது. குழு ஆண்டறிக்கை தயாரிக்க வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்பதை நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. அது பாதிக்கப்பட்டவரைக் காக்க வந்த பிரிவு. பெயரைச் சொல்லாமல், கிடைத்த நீதியைப் பற்றிய தகவலை வெளியிடலாம் என்று அந்தப் பிரிவே அனுமதிக்கிறது. நிர்வாகங்கள் அனுமதியை விட்டுவிட்டுத் தடையை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. ‘ரகசியம் காக்க வேண்டும்’ என்ற வாசகத்தின் கீழ் புகாரோடு எண்ணிக்கையும் பூட்டப்படுகிறது. காப்பாற்றப்படுவது மாணவியா கல்லூரியா என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

குழுவே அமைக்காத அல்லது ஆண்டறிக்கை தராத நிறுவனத்துக்கு 2013 சட்டம் முதல் முறை விதிக்கும் அதிகபட்ச அபராதம் 50,000 ரூபாய். ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஒரு மாணவர் ஓராண்டுக்குக் கட்டும் கட்டணத்தைவிட இது பெரிதாக இல்லை. மானியத்தை நிறுத்தும் அதிகாரம் மானியக் குழுவுக்கு உண்டு. மானியமே வாங்காத கல்லூரியை அது எவ்வளவு உறுத்தும்? 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 45,473 கல்லூரிகள் இருக்கின்றன. உயர்கல்வியில் மொத்தம் 2 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் படிக்கிறார்கள். இதில் எந்தக் கல்லூரியில் எத்தனை புகார் என்று ஒரு பெற்றோர் உட்கார்ந்து தேடிப் பார்க்க, அமெரிக்காவில் இருப்பதுபோன்ற பொதுத் தளம் கிடையாது.

சென்னைக்குள்ளேயே நடந்த ஒன்றைப் பார்க்கலாம். மத்தியக் கலாசார அமைச்சகத்தின் கீழ் உள்ள கலாக்ஷேத்ரா கலை நிறுவனத்தில் 2023 தொடக்கத்தில் பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. நிறுவனத்தின் உள்ளகப் புகார் குழு ஆராய்ந்து, ஆதாரம் இல்லை என்றது. காகிதத்தில் அது மறுபடியும் ஒரு பூஜ்ஜியம். அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் மாணவ மாணவியர் வகுப்பைப் புறக்கணித்து வளாகத்திலேயே உட்கார்ந்தார்கள். மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் போனபோது சுமார் 90 பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி ஓர் உதவிப் பேராசிரியர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் தனியாக ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சில வார இடைவெளியில், அதே வளாகத்தில், அதே பிள்ளைகள். உள்ளே இருந்தவர்கள் கேட்டபோது வெளிவராத பேச்சு, வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்டதும் வந்தது.

குருவிடம் கற்கும் கலையில் மட்டும் இருக்கும் சிக்கல் இல்லை இது. இன்டர்னல் மதிப்பெண், வைவா, வருகைப் பதிவு, ஆய்வு நெறியாளரின் கையெழுத்து என்று மாணவியின் எதிர்காலம் நாலைந்து பேர் கையில் இருக்கிறது. குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த நாலைந்து பேரின் சக ஊழியர்கள். நாளை காலை ஸ்டாஃப் ரூமில் அவர்கள் முகத்தில்தான் இவர்கள் விழிக்க வேண்டும். ‘படிப்பை முடிச்சுட்டுப் போற வழியைப் பாரும்மா’ என்ற அறிவுரையைக் கேட்காமல் எந்தப் புகாரும் குழுவின் வாசலுக்கு வருவதில்லை.

ஒடிசாவின் பாலசோரில் ஃபகீர் மோகன் கல்லூரி மாணவி ஒருவர் அப்படி விலகிப் போகவில்லை. துறைத்தலைவர் மீது புகார் கொடுத்தார். உள்ளகக் குழுவும் விசாரித்தது. நடவடிக்கைக்காகக் காத்திருந்து, 2025 ஜூலை 12 அன்று வளாகத்திலேயே தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, புவனேஸ்வர் எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தார். துறைத்தலைவரும் முதல்வரும் அவர் தீ வைத்துக்கொண்ட பிறகுதான் கைதானார்கள். சட்டம் கேட்ட குழு அங்கே இருந்தது, புகாரும் அதன் கையில் இருந்தது.

அவசரப்பட்டு விசாரிப்பதும் நீதி தராது என்பதற்குக் கோவா பல்கலைக்கழக வழக்கு இருக்கிறது. 2009இல் மாணவிகள் ஒரு துறைத்தலைவர் மீது புகார் கொடுத்தார்கள். குழு அடுத்தடுத்த நாட்களில் வேகவேகமாக அமர்ந்து, குற்றம் சாட்டப்பட்டவர் கேட்ட அவகாசத்தை மறுத்து, சில வாரங்களில் அறிக்கை தந்தது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் போனது. 2023 மே மாதம், விசாரணையில் இயற்கை நீதி மீறப்பட்டது என்று கூறி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2009 மே மாதத்தில் விசாரணை நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னது. புகார் கொடுத்த பெண்களின் வாழ்க்கையில் அதற்குள் 14 ஆண்டுகள் ஓடிவிட்டன. விசாரணை நடத்தத் தெரியாத குழு புகார் கொடுத்தவருக்கும் தீங்கு செய்கிறது, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தீங்கு செய்கிறது. அந்தத் தீர்ப்பிலேயே நீதிமன்றம், சட்டம் வந்து பத்தாண்டு ஆன பிறகும் அது நடைமுறையாகும் விதம் கவலை தருகிறது என்று எழுதி, நாடு முழுவதும் குழுக்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று சரிபார்க்க உத்தரவிட்டது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பர் 23 இரவு ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைத் தமிழ் வாசகர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. செய்தவன் வெளியாள், வளாகத்துக்கு அருகே பிரியாணிக் கடை நடத்தியவன். மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அந்தப் புகாரின் முதல் தகவல் அறிக்கை அவருடைய அடையாளத்தோடு இணையத்தில் வெளியானது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்ட மொழியே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்கிறது என்று கண்டித்தது. 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்தே மாதத்தில் தீர்ப்பு வந்தது பெரிய விஷயம். அந்த மாணவி பேசியதால் வந்த தீர்ப்பு அது.

எனவே ஒரு வளாகத்தில் புகார் எண்ணிக்கை கூடினால் உடனே முகம் சுளிக்கத் தேவையில்லை. அங்கே பேச முடிகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999 முதல் இயங்கிய குழுவில் மாணவர்கள் தேர்தல் மூலம் வந்தார்கள்; பேசுவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று மாணவர்களே மற்ற மாணவர்களுக்குச் சொன்னார்கள். 2017இல் நிர்வாகம் அதைக் கலைத்துச் சட்டப்படியான உள்ளகக் குழுவை வைத்தபோது மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்ததற்குக் காரணம், நம்பிக்கை குழுவின் பெயரில் வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான்.

புதிய சட்டம் கேட்டு யாரும் காத்திருக்க வேண்டாம். இருக்கும் சட்டப்படியே கல்லூரி தன் ஆண்டறிக்கையில் இந்த எண்ணைத் தர வேண்டும். அதை மாநில உயர்கல்வித் துறை கல்லூரிவாரியாக ஒரே இடத்தில் வெளியிட அரசாணை ஒன்று போதும். யங் ஆய்வு காட்டியதுபோல, எப்போது வேண்டுமானாலும் தணிக்கை வரலாம் என்ற நிலை இருந்தால்தான் அந்த எண்ணில் உண்மை இருக்கும்.

அதுவரை, பிள்ளைக்கு இடம் கேட்டு வளாகம் வளாகமாகப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேன்டீனையும் பேருந்தையும் பிளேஸ்மென்ட்டையும் விசாரிக்கும்போது, உள்ளகப் புகார் குழுவில் வெளியிலிருந்து வரும் உறுப்பினர் யார், மாணவர் பிரதிநிதிகள் எப்போது தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், போன ஆண்டு எத்தனை புகார் வந்தது, அவை என்ன ஆயின என்றும் கேளுங்கள். ‘எங்க காலேஜ்ல அப்படி எதுவுமே கிடையாது’ என்று பதில் வந்தால், ஆண்டறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது.